பார்த்தும் கண்ணில் படாத பைக்

கேள்வி: எனக்கு வயது 43. மதுரை திருநகரில் வசிக்கிறேன். பல ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிய பிறகு, சென்ற ஆண்டுதான் கார் ஓட்டக் கற்று உரிமம் பெற்றேன். அண்மையில் ஒருநாள் எங்கள் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறுவதற்காக வலப்பக்கம் பார்த்தேன். ஒரு வண்டியும் வரவில்லை. கிளட்சை விட்டு நகர்ந்த மறுநொடி, ஒரு பைக் என் பம்பருக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்த இளைஞர் எப்படியோ பிரேக் பிடித்துச் சமாளித்துவிட்டார். பின்னால் ஒரு சிறு குழந்தை உட்கார்ந்திருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று முதல் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறது. கண்ணைப் பரிசோதித்துக்கொண்டேன், பார்வை நன்றாக இருக்கிறது என்றார்கள். "அவன் கண்மண் தெரியாமல் வந்திருப்பான், உன் மேல் தப்பில்லை" என்கிறார் என் கணவர். பார்த்தும் எனக்கு ஏன் தெரியவில்லை? நான் கார் ஓட்டத் தகுதியில்லாதவளா?

— வாசகி, திருநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் கார் ஓட்டத் தகுதியுள்ளவர்தான். மதுரையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன் என்ற முறையில், "பார்த்தேன், ஆனால் தெரியவில்லை" என்ற இதே சொற்களைப் புதியவர்களிடமும், நெடுங்காலமாக ஓட்டிப் பழகியவர்களிடமும் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை; நீங்களும் சொல்லவில்லை. அதே சமயம், உங்கள் கணவர் அன்பினால் சொல்லும் ஆறுதலை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியது என் கடமை. கிளைத்தெருவிலிருந்து பிரதான சாலையில் ஏறுபவர், அச்சாலையில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவருக்கு வழிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது சாலை விதி. அந்த இளைஞர் வேகமாக வந்தாரா, நிதானமாக வந்தாரா என்பதைச் சொல்ல, பம்பருக்கு முன்னால் வரும்வரை அவரைக் காணாத உங்களாலும் முடியாது, உங்கள் கணவராலும் முடியாது. குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "அவன் வேகமாக வந்தான்" என்று கணக்கை முடித்துவிட்டால், அடுத்த முறையும் நீங்கள் அதே விதமாகத்தான் பார்ப்பீர்கள்.

பார்வை சரியாக இருந்தும் பைக் ஏன் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன். கண் மருத்துவமனையில் உங்களைப் படிக்கச் சொன்ன எழுத்துகள் அசையாமல் நின்றன. அவற்றை உற்றுப் பார்க்க உங்களுக்கு நேரமும் இருந்தது. சாலையில் இவை இரண்டும் கிடைப்பதில்லை. நம் கண் ஒரே நேரத்தில் கூர்மையாகக் காணும் பகுதி மிகமிகச் சிறியது. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான். 50 மீட்டர் தொலைவில் நேரே நம்மை நோக்கி வரும் ஒரு கார் அந்த நகத்தை நிறைக்கும். அதே தொலைவில் வரும் பைக் அதில் பாதியைத்தான் நிறைக்கும். மீதிப் பரப்பு முழுவதையும் நாம் கலங்கலாகவே காண்கிறோம். அது கலங்கல் என்று நமக்குத் தோன்றாததற்குக் காரணம், கண் ஓயாமல் இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருப்பதுதான்.

இந்தத் தாவலில்தான் சிக்கல் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கண் தாவும் அந்தச் சிறு கணத்தில், மூளை பார்வையை ஏறக்குறைய நிறுத்தி வைக்கிறது. நிறுத்தியது நமக்குத் தெரியாதவாறு, முன்பும் பின்பும் கண்டதைக் கொண்டு, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல் இடைவெளியை நிரப்பியும் விடுகிறது. ஆகவே, தலையை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பி, அதே வேகத்தில் இடப்பக்கம் திருப்பி "பார்த்துவிட்டேன்" என்று சொல்பவர், உண்மையில் இரண்டு மூன்று புள்ளிகளைத்தான் பார்த்திருக்கிறார். அவற்றுக்கு நடுவே ஒரு பைக் வந்துகொண்டிருந்தால், அந்த இடத்தில் வெறும் சாலையை மூளை இட்டு நிரப்பிவிடும். நீங்கள் கண்ட காலிச் சாலை அப்படி உருவானதாக இருக்கலாம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அந்த வேறு வாகனத்தின் ஓட்டுநர் வழிவிடாததால் நிகழ்ந்தவை என்றும், அவர்களில் பலர் மோட்டார்சைக்கிளைக் காணவே இல்லை அல்லது காலம் கடந்துதான் கண்டார்கள் என்றும் அந்த அறிக்கை கூறியது. அங்கே மோட்டார்சைக்கிள் குறைவு, அதனால் கண்ணுக்குப் பழக்கமில்லை என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். மதுரையில் அப்படிச் சொல்ல வழியில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு சிக்னல் விழுந்தால் காருக்கு முன்னும் பின்னும் இருபுறமும் இருசக்கர வாகனங்கள்தாம் நிற்கின்றன. இருந்தும் இங்கும் அவை கண்ணில் படாமல் போவதற்கு, நான் அறிந்தவரையில், காரணம் வேறு. சாலையில் ஏறப்போகும் ஓட்டுநரின் மனம் அப்போது தேடுவது, தன்னை நசுக்கக்கூடிய பேருந்தையும் லாரியையும்தான். பெரிய வண்டி எதுவும் இல்லை என்று கண்டவுடன் மனம் நிம்மதி அடைந்து, "ரோடு ஃப்ரீ" என்று முடிவு கட்டிவிடுகிறது. தனக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பதும், தன்னால் யாருக்கேனும் ஆபத்து உண்டா என்று பார்ப்பதும் ஒன்றல்ல. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்களைக் கவனித்திருப்பீர்கள். கார் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றைப் பருமனாகச் செய்கிறார்கள். அந்தப் பருமனே வெளியே இருப்பவருக்கு எமனாகிவிடுகிறது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலப்பக்கத் தூண் முகத்துக்கு மிக அருகில் வருகிறது. கிளைத்தெருவிலிருந்து ஏறும்போது முதலில் வண்டி வருவதும் வலப்பக்கத்திலிருந்துதான்.

எங்கள் பயிற்சித் திடலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு, இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே இதைக் காட்டிவிடுகிறேன். நிற்கும் காரில் ஓட்டுநர் இருக்கையில் அவர்களை அமர்த்தி, நேர்முன்னே பார்க்கச் சொல்வேன். உதவியாளர் ஒருவர் தோளில் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு, சுமார் 20 மீட்டர் தள்ளி, வலப்பக்கத்திலிருந்து ஒரு பைக்கை மெல்லத் தள்ளிக்கொண்டு வருவார். தூணை நெருங்கியதும் முதலில் முன்சக்கரம் மறையும். பிறகு ஹேண்டில்பார், பிறகு அந்தச் சிவப்புத் துண்டு. முழு ஆளும் முழு வண்டியும் போன இடத்தில் திடலின் மதிற்சுவர் மட்டும் தெரியும். அந்த இடத்தில் அவரை நிற்கச் சொல்லிவிட்டு, பயிற்சி பெறுபவரிடம் உடம்பை ஒரு சாண் முன்னே சாய்க்கச் சொல்வேன். துண்டும் ஆளும் அப்படியே வெளிப்படும்போது, பலர் வாய்விட்டு "ஐயோ" என்றே சொல்லிவிடுகிறார்கள். விடுமுறை நாளில் உங்கள் வீட்டு வாசலிலேயே இதைச் செய்து பாருங்கள். உங்கள் கணவரையும் அந்த இருக்கையில் ஒருமுறை அமரச் செய்யுங்கள்.

நிற்கும் வண்டியிலேயே இப்படி என்றால், நகரும் வண்டியில் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் சந்திப்பை நோக்கி மெதுவாக உருண்டுகொண்டிருக்க, ஒரு பைக்கும் அதே இடத்துக்கு அதே நேரத்தில் வந்து சேரும்படி வந்துகொண்டிருந்தால், உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கையில் அது இருக்கும் திசை மாறவே மாறாது. பக்கவாட்டில் அசைவு இல்லாததால் ஓரக்கண்ணுக்கும் அது எட்டாது. தூணின் மறைவில் இருந்தாலோ, மோதும் கணம்வரை மறைவிலேயே வரும். ஆகவே சந்திப்பில் "மெதுவாகத்தானே போனேன்" என்பது போதாது. முழுவதுமாக நிற்க வேண்டும். நின்றபின் தலையையும் தோளையும் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்கிறேன். வலப்பக்கம் திரும்பியவுடன் கண்ணை ஓடவிடாதீர்கள். அருகில் உள்ள சாலையில் ஒரு கணம், நடுத்தொலைவில் ஒரு கணம், சாலை கண்ணுக்கு முடியும் இடத்தில் ஒரு கணம் என நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மனத்துக்குள் "பைக் வருகிறதா?" என்ற கேள்வியையே கேளுங்கள், "வண்டி வருகிறதா?" என்று கேட்டால் மனம் மறுபடியும் பேருந்தைத் தேடிக் களைத்துவிடும். பிறகு இடப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒற்றையடிப் பாதையைப் போல நான்குவழிச் சாலையின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் பைக்கில் வருபவர்களை ஒத்தக்கடையிலும் கப்பலூரிலும் நாள்தோறும் பார்க்கலாம். திரும்பும் இடம் வெகு தொலைவில் இருப்பதால் அப்படி வருகிறார்கள்; அது விதிமீறல்தான் என்றாலும், அவர்கள் மீது மோதிவிட நமக்கு உரிமையில்லை. இடப்பக்கம் பார்த்து முடித்ததும் மறுபடி வலப்பக்கம் பார்த்து, அதன் பிறகே கிளட்சை விடுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. நீங்கள் சாலையில் ஏறி நேராவதற்கு மூன்று நான்கு நொடிகள் ஆகின்றன. முதல் பார்வையில் எங்கோ புள்ளியாக இருந்தவர் அதற்குள் உங்கள் கதவருகே வந்திருப்பார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

பைக்கைக் கண்டபின்னும் ஒரு தவறு நேர்கிறது. சிறிய உருவம் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகவும், தாமதமாக வந்து சேரும் என்றும் நம் மனம் கணிக்கிறது. ஒரே தொலைவில் ஒரே வேகத்தில் லாரியும் பைக்கும் வந்தால், லாரிக்குக் காத்திருப்பவர் பைக்குக்கு முன்னால் துணிந்து திரும்பிவிடுவார். இது துணிச்சல் அல்ல. கணிப்பில் ஏற்படும் பிழை. ஆகவே பைக்கின் முன்னால் "போய்விடலாமா?" என்ற ஐயம் எழுந்தாலே போக வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2017 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்று சட்டம் இருப்பது இதற்காகத்தான். பகலில் விளக்கெரிய வருபவரைப் பார்த்து, விரல்களைக் குவித்து விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டுபவர்களை இன்றும் காண்கிறேன். அந்த விளக்கு எரிவது நாம் அவரைக் காண்பதற்காக. ஆனால் விளக்கை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையுடன் வரும் பழைய டி.வி.எஸ். மொபெட்டுகளை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கிவிடும். பின்விளக்கை மூட்டை மறைத்திருக்கும். பின்னால் ஒரு பேருந்து வந்தாலோ, அதன் வெளிச்சத்தில் அந்தச் சிறு விளக்கு கரைந்தே போகும். இருளில் கார் ஓட்ட நேர்ந்தால், பெரிய விளக்குகளுக்கு முன்னால் உள்ள கருமையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று எண்ணியே ஓட்டுங்கள்.

ஆனால் ஒன்றில் நீங்கள் என்னிடம் பயிலும் பலரைவிட முன்னே நிற்கிறீர்கள். பல ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டியவர் நீங்கள். காரும் ஓட்டி இருசக்கர வாகனமும் ஓட்டுபவர்கள், கார் மட்டுமே ஓட்டுபவர்களைவிட இவ்வகை மோதல்களில் குறைவாகவே சிக்குகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கார் வாங்கியதும் பலர் அந்த அனுபவத்தை ஸ்கூட்டரோடு ஓரங்கட்டிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முன்னால் போகும் பைக் காரணமின்றி வலப்பக்கம் விலகுவதாகக் காரில் இருப்பவருக்குத் தோன்றும். ஓரத்தில் குவிந்த மணல், சாலை மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்த பாதாளச் சாக்கடை மூடி, பெயிண்ட் அழிந்த வேகத்தடை, நிறுத்தியிருக்கும் ஆட்டோவிலிருந்து இறங்கும் கால் ஆகியவை அவருக்குக் காரணமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பைக்கைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த பைக்குக்கு முன்னால் உள்ள சாலையையும் பாருங்கள். அவர் அடுத்து எங்கே ஒதுங்குவார் என்பது அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். முந்திச் செல்வதாக இருந்தால், அவர் ஒதுங்கவும் தடுமாறவும் இடம் விட்டே முந்துங்கள். அந்த இடம் இல்லையென்றால் பின்னாலேயே செல்லுங்கள்.

முந்தியபின் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கார் ஓட்டுநர்கள் பலரிடம் உள்ள மிகக் கொடிய பழக்கம் இதுவே என்பது என் கருத்து. இடப்பக்கத் தெருவில் திரும்ப வேண்டியவர், தனக்கு முன்னால் நிதானமாகச் செல்லும் பைக்கை அவசரமாக முந்தி, அதன் மூக்கின் முன்னாலேயே இடப்பக்கம் வெட்டுகிறார். பைக்கில் இருப்பவருக்குப் போக வழியே இல்லை. ஒன்று கதவில் மோத வேண்டும், அல்லது காரோடு சேர்ந்து தெருவுக்குள் இழுபட வேண்டும். திரும்ப வேண்டிய இடம் நெருங்கினால் முந்தாதீர்கள். காளவாசல் போன்ற சிக்னல்களில் நிற்கும்போதும், உங்களுக்கும் நடைபாதைக்கும் இடையே உள்ள சிறு சந்தில் பைக்குகள் நுழைந்து வந்து நிற்கும். நீங்கள் நின்றபோது காலியாக இருந்த இடப்பக்கம், பச்சை விழும்போது காலியாக இருக்காது. இடப்பக்கக் கண்ணாடி குவிவுக் கண்ணாடி என்பதால் அதில் வண்டிகள் உள்ளதைவிடத் தள்ளித் தெரியும். ஆகையால் கண்ணாடியைப் பார்த்தபின் தோளுக்கு மேலாகவும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கண்ணைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பார்வை சரி என்று சொன்னவர்கள் நேர்ப்பார்வையைச் சோதித்துச் சொல்லியிருக்கலாம். நாற்பதைக் கடந்தவர்கள் பக்கப் பார்வையையும் கண்ணழுத்தத்தையும் சேர்த்துச் சோதித்துக்கொள்வது நல்லது. கண்ணழுத்த நோய் வலியின்றி ஓரப் பார்வையைத் தின்னும்; நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. காரின் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள். மாலையில் தேனி சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும்போது, கண்ணாடியில் படிந்த தூசி முழுவதும் வெயிலில் வெள்ளைத் திரையாகிவிடும். உள்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிடுபவர்கள் நம் ஊரில் அதிகம். சாமிக்கு வைக்க விரும்பினால் டேஷ்போர்டில் தாழ்வாக, பார்வையை மறைக்காத இடத்தில் வையுங்கள். ஆடும் சரம் ஒரு பைக்கை மறைக்கும் அகலம் உடையது.

கை நடுக்கத்துக்காகக் காரை ஓரங்கட்டிவிட வேண்டாம். நாள் தள்ளத் தள்ள அச்சம் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலையில், போக்குவரத்து குறைவாக இருக்கும் வேளையில், பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டு அதே தெருமுனைக்குச் செல்லுங்கள். நின்று, சாய்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "பைக் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி, அதன்பின் ஏறுங்கள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி செய்யுங்கள். வாய்விட்டுச் சொல்வது முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல நாக்கு எளிதில் இணங்காது என்பதால், நான் இதைப் பயிற்சியில் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன். கை நிலைப்படும்வரை மழையிலும் இருட்டியபின்னும் ஓட்டுவதைத் தவிருங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும், காரை நிறுத்தியபின் நேரும் விபத்தையும் சொல்லிவிட வேண்டும். மாசி வீதிகளில் கடைக்கு முன்னால் காரை ஓரங்கட்டிவிட்டு வலப்பக்கக் கதவைத் திறக்கும்போது, பின்னால் வரும் பைக்குக்கு அது திடீரென்று முளைத்த சுவர். கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையை நீட்டித் திறக்கப் பழகுங்கள். அப்படி நீட்டும்போது உடம்பும் தலையும் தாமாகவே வலப்பக்கம் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தால் வலப்பக்கக் கதவின் சைல்டு லாக்கைப் போட்டுவிட்டு, எல்லோரையும் இடப்பக்கமாகவே இறங்கச் சொல்லுங்கள்.